நாற்பத்தைந்து ரன் தாங்காத ஸ்கோர் புக்

பொருள் என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பேஸ்பால் ஸ்கோர் புக். கருநீல அட்டை, ஸ்பைரல் பைண்டிங், ஐம்பது மேட்ச் எழுதலாம்னு அட்டையிலயே போட்டிருக்கு. கூரியர் செலவோட 1,340 ரூபாய். கம்பெனி பேரை எழுதப் போறதில்லை. கிட்டத்தட்ட இதே அமைப்புல நாலஞ்சு புக்கு ஆன்லைன்ல விக்கறாங்க, எதை வாங்கறதா இருந்தாலும் கீழே நான் சொல்ற இடங்களைப் பார்த்துட்டு வாங்குங்க.

"திருவல்லிக்கேணியில உக்காந்துக்கிட்டு யாருக்குடி பேஸ்பால் எழுதப் போற?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

நான் இருபத்திரண்டு வருஷமா கிரிக்கெட் ஸ்கோரர். லீக் மேட்ச், காலேஜ் மேட்ச், கம்பெனிக்காரங்க ஞாயித்துக்கிழமை தொப்பையோட ஆடற மேட்ச், எல்லாத்துக்கும் போயிருக்கேன். அப்பாவும் ஸ்கோரர்தான். 1986 செப்டம்பர்ல சேப்பாக்கத்துல இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் டை ஆச்சே, அன்னைக்கு ஸ்டாண்டுல உக்காந்து மடியில நோட்டை வச்சு, யாரும் கேக்காமலே பந்து பந்தா எழுதினவர். கடைசி விக்கெட், மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. விழுந்தப்போ பென்சில் முனை ஒடிஞ்சுபோச்சு. அந்த ஒரு குறி மட்டும் பக்கத்துல இருந்தவர்கிட்ட வாங்கின நீலப் பேனாவுல இருக்கும். நோட்டு இன்னும் எங்க வீட்டு அலமாரியில இருக்கு.

அண்ணன் பையன் பிலடெல்பியா பக்கம் வேலை பார்க்கறான். போய்ப் பதினொரு வருஷம் ஆச்சு. கிரிக்கெட்டைக் கைகழுவிட்டு அந்த ஊர் பேஸ்பால் டீமான பிலீஸுக்கு உயிரைக் கொடுக்கறவனா ஆயிட்டான். இந்தப் பொங்கலுக்கு வந்தவன், சக்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கிட்டே சீண்டினான்.

"அத்தை, உங்க ஸ்கோரிங் எல்லாம் கிரிக்கெட்டோட சரி. ஒரு பேஸ்பால் மேட்ச் எழுதிக் காட்டுங்க பார்ப்போம். அதுவும் நான் சொல்ற மேட்ச்."

"சொல்லுடா, எழுதறேன்."

"1979, மே 17. சிகாகோ ரிக்லி ஃபீல்ட். பிலீஸ் 23, கப்ஸ் 22."

"என்னடா, கபடி ஸ்கோர் மாதிரி இருக்கு?"

"அதான் அத்தை விஷயமே."

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கப்ஸ்ங்கறது சிகாகோ டீம். ரெண்டு டீமும் சேர்ந்து எட்டோ ஒன்பதோ ரன் எடுத்தா அது சாதாரண மேட்ச். இதுல 45. அந்த மேட்ச்சோட டிவி பதிவு இணையத்துல கிடைக்குது. அவன் ஊருக்குப் போனதும் லிங்க் அனுப்பினான், நான் புக்குக்கு ஆர்டர் போட்டேன். ஆக இந்த விமர்சனம் ஒரு புக்கைப் பத்தினது, ஆனா சோதனைக்கூடம் அந்த மேட்ச்.

எனக்கு பேஸ்பால் சுத்தமாத் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஸ்கூல்ல எங்க பி.டி. டீச்சர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. காலேஜ்ல படிச்சவங்க. ஹாரி குரோ பக்னு ஒரு அமெரிக்கர் 1920ல ஆரம்பிச்ச காலேஜ் அது. அங்க படிச்சிட்டு வந்தவங்க, பேஸ்பால் மாதிரியே ஆடற சாஃப்ட்பாலுக்கு ஒரு மட்டையையும் கையோட கொண்டுவந்துடுவாங்க போல. நாலு பேஸ், மூணு அவுட், சுத்தி வந்தா ஒரு ரன்னு அப்போ கத்துக்கிட்டதுதான். எழுதற முறைதான் புதுசு.

அந்த முறையை ரெண்டு நாள் படிச்சதுல எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் ஒண்ணு கிடைச்சுது. பேஸ்பாலுக்கு பாக்ஸ் ஸ்கோரை, அதாவது முழு மேட்ச்சையும் ஒரே அட்டையில சுருக்கற கணக்கை, உருவாக்கின ஹென்ரி சாட்விக், இங்கிலாந்துல எக்ஸெட்டர்ல பிறந்தவர். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் மேட்ச் எழுதிக்கிட்டிருந்த மனுஷன். கிரிக்கெட் ஸ்கோர் அட்டை பழகின கையோடதான் 1859ல பேஸ்பாலுக்கு ஒரு அட்டை போட்டார். மூணு ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆகற ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே'ன்னு எழுதறது அவர் வச்ச வழக்கம். 'ஸ்ட்ரக்'ங்கற இங்கிலீஷ் வார்த்தையோட கடைசி எழுத்து அது. ஆக, பையன் சீண்டினானே, கிரிக்கெட்டோட சரின்னு, அவனோட ஆட்டத்துக்கே கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தது எங்க ஆளு. இதை உடனே அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொன்னேன். கட்டைவிரல் ஒண்ணு பதிலா வந்துது.

இனி புக்கு. ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு பக்கம், இடது வந்த டீம், வலது சொந்த ஊர் டீம். பக்கத்துக்கு ஒன்பது வரிசை, பேட்டிங் ஆர்டர்படி. குறுக்கே பதினோரு பத்தி, இன்னிங்ஸுக்கு ஒண்ணு. மேட்ச்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமமா நின்னா அதுக்கு மேலயும் போகும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் வெளிர் சாம்பல் நிறத்துல ஒரு சின்ன டைமண்ட். பேட்ஸ்மேன் முதல் பேஸுக்குப் போனா வலது கீழ்ப்பக்கக் கோட்டை அழுத்தி இழுக்கணும். அடுத்த பேஸுக்கு நகர்ந்தா அடுத்த கோடு. சுத்தி வந்து சேர்ந்தா உள்ள முழுக்கத் தீட்டிடணும். ஃபீல்டிங் நிக்கறவங்களுக்குப் பேரு கிடையாது, நம்பர்தான்: பந்து வீசறவர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, ரெண்டாவது 4, மூணாவது 5, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல நிக்கற ஷார்ட்ஸ்டாப் 6, அப்புறம் வெளியில இடமிருந்து வலமா 7, 8, 9. "6-4-3"ன்னு எழுதினா ஷார்ட்ஸ்டாப் எடுத்து, ரெண்டாவது பேஸ்காரருக்குப் போட்டு, அவர் முதல் பேஸுக்குப் போட்டு, ஒரே பந்துல ரெண்டு அவுட். மூணு எண்ணுல ஒரு சின்னக் கதை. நம்ம புக்குல கேட்ச் பிடிச்சவர் பேரையும் பவுலர் பேரையும் எழுதிட்டு விட்டுடறோம். பந்து யார் யார் கை மாறிப் போச்சுங்கறது இல்லை. இது ஒண்ணுக்காக நான் பேஸ்பாலுக்கு எழுந்து நின்னு சலாம் போடுவேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். கோடுகளோட நிறம் கண்ணை உறுத்தாது. நம்பர் பட்டியல் உள்ளட்டையிலயே அச்சடிச்சிருக்கு, புதுசா எழுதறவங்களுக்குப் பெரிய உதவி. புக்கை முழுசா மடிச்சுத் தொடை மேல வைக்கலாம். ஒத்திகைக்கு ஒரு சாதாரண மேட்ச்சை, நாலுக்கு ரெண்டுன்னு முடிஞ்சது ஒண்ணை, எழுதிப் பார்த்தேன். அழகா வந்துது, பக்கம் முடிஞ்சப்போ பாதிக் கட்டம் வெள்ளையா இருந்துது. அன்னைக்கு இந்த விமர்சனம் எழுதியிருந்தா நாலரை நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

அப்புறம் மே மாசம், அக்னி நட்சத்திரத்துல, 1979ஐ எடுத்து வச்சேன். தினம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு, அம்மா தூங்கினப்புறம் ஒரு மணி நேரம். நாலு ராத்திரியில முடிக்கறதா திட்டம்.

முதல் ராத்திரி முழுக்க முதல் இன்னிங்ஸ்லயே போச்சு. பிலீஸ் முதல்ல பேட்டிங். பந்து சுவரைத் தாண்டினா ஹோமர், அடிச்சவனோட பேஸ்ல நிக்கறவங்களும் வீடு சேர்ந்துடுவாங்க. மைக் ஷ்மிட் மூணு ரன் ஹோமர், பாப் பூன் மூணு ரன் ஹோமர். போதாக்குறைக்கு பிலீஸ் பக்கம் பந்து வீச வேண்டிய ராண்டி லெர்ச், அவர் இன்னும் ஒரு பந்துகூட வீசலை, அவரும் ஒரு ஹோமர். ஏழு ரன். சிகாகோவோட தொடக்கப் பந்து வீச்சாளர் டென்னிஸ் லாம்ப் ஒரே ஒரு அவுட் எடுத்துட்டு வெளிய. இப்போ கணக்கைப் பாருங்க. ஏழு பேர் சுத்தி வந்துட்டாங்க, மூணு பேர் அவுட், ஆகக் குறைஞ்சது பத்து பேர் பேட் பண்ணியாகணும். வரிசை ஒன்பதுதான். பத்தாவது ஆளுக்கு, அதாவது திரும்ப வந்த முதல் ஆளுக்கு, அந்தப் பத்தியில கட்டம் கிடையாது. அடுத்த பத்திக்குத் தாண்டணும். முதல் இன்னிங்ஸ்லயே ரெண்டு பத்தி காலி.

சரி, இனிமேலாவது அடங்குவாங்கன்னு பார்த்தா, கீழ்ப்பாதியில, அதாவது அதே இன்னிங்ஸ்ல சிகாகோ பேட் பண்ற முறையில, ஆறு ரன். டேவ் கிங்மன் மூணு ரன் ஹோமர். லாம்புக்குப் பதிலா வந்த டானி மூர், அவரும் பந்து வீச்சாளர்தான், மூணு பேஸ் ஓடற மாதிரி ஒண்ணு அடிச்சார். ஹோமர் அடிச்ச லெர்ச்சும் ஒரே ஒரு அவுட்டோட போயிட்டார். முதல் இன்னிங்ஸ் முடிவுல 7–6. சாதாரண ஒரு முழு மேட்ச்சுக்கு வேண்டிய ரன்னைவிட அதிகம் அதுக்குள்ளயே வந்தாச்சு.

இங்கதான் புக்கோட முதல் பிரச்சினை. பேஸ்பால்ல ஒரு கட்டத்தை எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிட முடியாது. நம்ம கிரிக்கெட்ல ஒரு பந்து முடிஞ்சா அது முடிஞ்சுது. புள்ளியோ நாலோ வச்சுட்டு நகர்ந்துடலாம். இங்க முதல் பேஸ்ல நிக்கறவன் அடுத்தவன் அடிக்கும்போது ரெண்டாவதுக்கு ஓடறான், அதுக்கடுத்தவன் அடிக்கும்போது வீடு சேர்றான். ஒவ்வொரு தடவையும் பின்னாடி இருக்கற கட்டத்துக்குப் போய்க் கோடு இழுக்கணும். நாலு பேர் ஓட்டத்துல இருந்தா நாலு கட்டம். கை மேலயும் கீழயும் பாயும், மணிக்கட்டு ஏற்கெனவே எழுதினது மேல உரசும். நான் ஸ்கேல் வச்சு அளந்தேன், ஒரு கட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதுக்குள்ள டைமண்டு, பந்துக்கணக்குக்குக் குட்டிக் குட்டியா அஞ்சு சதுரம், ஓரத்துல எப்படி அடிச்சான்னு குறி. மே மாசத்து ராத்திரி, ஃபேன் வெந்நீர்க் காத்தை அடிக்குது, மணிக்கட்டு வேர்வைல காகிதம் அப்பளம் மாதிரி நமுத்துப் போச்சு. ரப்பர் போட்டா மேல்தோல் உரிஞ்சு வருது. 1,340 ரூபாய்க்கு இந்தக் காகிதம் ரொம்ப மட்டம். பேனா வேண்டவே வேண்டாம், மறுபக்கம் தெரியும். நடராஜ் எச்.பி. பென்சிலை அடிக்கடி சீவிக்கிட்டு எழுதறது ஒண்ணுதான் வழி.

ரெண்டாவது ராத்திரி. மூணாவது இன்னிங்ஸ்ல பிலீஸ் எட்டு ரன், அதுல கேரி மேடக்ஸோட மூணு ரன் ஹோமர் ஒண்ணு. எட்டும் மூணும் பதினொண்ணு, மறுபடி ரெண்டு பத்தி. நாலாவதுல ரெண்டு, அஞ்சாவதுல நாலு. நடுவுல சிகாகோ எடுத்தது மூணுதான். அஞ்சாவது இன்னிங்ஸ் பாதியில நிக்கும்போது 21–9. எனக்கே சிகாகோவைப் பார்க்கப் பாவமா இருந்துது. லீக் மேட்ச்ல இப்படி ஆனா எதிர் டீம் ஆளுங்க பதினோராம் நம்பர் ஆளைக் கூப்பிட்டு டீ சொல்ல அனுப்பிடுவாங்க.

அந்தக் காத்தைப் பத்திச் சொல்லணும். ரிக்லி மிச்சிகன் ஏரிக்குப் பக்கத்துல இருக்கற மைதானம். ஏரியிலேர்ந்து உள்பக்கமா வீசினா, நல்லா அடிச்ச பந்துகூடத் திரும்பி வந்து ஃபீல்டர் கையில விழும். வெளிப்பக்கமா வீசினா, மேல எழும்பின சுமாரான பந்துகூட கொடி படர்ந்த சுவரைத் தாண்டிடும். அன்னைக்கு வெளிப்பக்கம், அதுவும் பலமா. சேப்பாக்கத்துல மத்தியானத்துக்கு மேல கடல்காத்து எழும்பும்போது எந்தப் பக்கத்துலேர்ந்து யார் வீசணும்னு கேப்டனுங்க பேசிக்கறதை நான் கேட்டிருக்கேன். அப்பா தன் நோட்டுல ஒவ்வொரு நாளும் மேல் மூலையில காத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டிருப்பார். இந்தப் புக்குல தேதிக்கு இடம் இருக்கு, அம்பயருக்கு இடம் இருக்கு, கூட்டத்துக்கு இடம் இருக்கு (14,952ன்னு எழுதினேன்), ஆரம்பிச்ச நேரம் முடிஞ்ச நேரம் எல்லாம் இருக்கு. காத்துக்கு இடம் இல்லை. பேஸ்பால் தெரிஞ்ச எவனும் இந்தப் பக்கத்தை வடிவமைக்கலைன்னு எனக்கு அப்பவே தோணிடுச்சு. ஓரத்துல அப்பா மாதிரி ஒரு அம்பு போட்டுக்கிட்டேன்.

மூணாவது ராத்திரிதான் உச்சம். அஞ்சாவது இன்னிங்ஸ் கீழ்ப்பாதி. சிகாகோ ஏழு ரன். டக் மெக்ரா வீச வந்தார். அந்தக் காலத்துல பெரிய பேர் எடுத்தவர். மூணு பேஸ்லயும் ஆள் நிக்க, பில் பக்னர் ஒரே அடியில நாலு ரன். அப்புறம் ஜெர்ரி மார்ட்டின் ஒரு ஹோமர். 21–16. ஆறாவதுல கிங்மன் தன்னோட மூணாவது ஹோமரை அடிக்க, மூணு ரன் சேர்ந்து 21–19. எனக்கு உள்ளங்கை வேர்த்துது, முடிவு என்னன்னு தெரிஞ்சும். நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன மேட்ச்சு, ஸ்கோரும் தெரியும், ஆனா பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா எதுவும் தெரியாத மாதிரிதான் இருக்கு. டிவியில சும்மா பார்க்கறதுக்கும் எழுதிக்கிட்டே பார்க்கறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சும்மா பார்க்கறவன் அடிச்ச பந்தைப் பார்ப்பான். எழுதறவ முதல் பேஸ்ல தூங்கி வழியறவனையும் பார்த்தாகணும்.

சிகாகோ பக்கத்துல நான் ஒரு தந்திரம் பண்ணினேன். முதல் இன்னிங்ஸ்லேர்ந்து வழிஞ்சு வந்தவங்க ரெண்டாவது பத்தியில ஓரிரு கட்டத்தைத்தான் பிடிச்சிருந்தாங்க, மிச்சம் காலி. அதுக்குக் கீழ ஒரு சாய்கோடு போட்டு, ரெண்டாவது இன்னிங்ஸையும் அதே பத்தியில குடிவச்சேன். எங்க திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் மாதிரி. ஒரு வாசல், ரெண்டு குடும்பம், நடுவுல ஒரு தடுப்பு. பத்தி தலைப்புல அச்சடிச்ச நம்பரை அடிச்சுட்டுக் கையால எழுதிக்கணும், அவ்வளவுதான். இந்த யோசனை எனக்கு பிலீஸ் பக்கம் எழுதும்போது வரலை. அதோட பலனைக் கடைசியில அனுபவிச்சேன்.

அதுக்கு முன்னாடி ஒன்பதாவது வரிசை. அந்தக் காலத்துல நேஷனல் லீக்ல, இந்த ரெண்டு டீமும் ஆடற லீக் அது, பந்து வீசறவரும் பேட் பண்ணித்தான் ஆகணும். அமெரிக்கன் லீக்ல 1973லயே பவுலருக்குப் பதிலா பேட் பண்ண மட்டும் ஒரு ஆளை விட்டுட்டாங்க. நேஷனல் லீக்ல அது நிரந்தரமா வந்தது 2022லதான். இந்தப் புக்கை வடிவமைச்சவர் 2022க்கு அப்புறம் பேஸ்பால் பார்க்க ஆரம்பிச்சவரா இருக்கணும். ஒவ்வொரு பேட்டிங் இடத்துக்கும் பேர் எழுத ரெண்டே கோடு. இந்த மேட்ச்சுல பிலீஸ் அஞ்சு பவுலர், கப்ஸ் ஆறு. நடுநடுவுல பவுலருக்குப் பதிலா அடிக்க மட்டும் வந்து போற ஆளுங்க வேற. ரெண்டு கோட்டுக்குள்ள இத்தனை பேரை எழுதினா, ரேஷன் கார்டுல பேர் சேர்த்து நீக்கின மாதிரி ஆயிடும். ஆயிடுச்சு. கீழ பவுலர்களுக்கான தனிப் பட்டியல்லயும் நாலே வரி. சிகாகோவோட அஞ்சாவது, ஆறாவது ஆளை அம்பயர் பேருக்குப் பக்கத்துல கொண்டுபோய் உக்கார வச்சேன்.

நாலாவது ராத்திரி. ஏழாவதுல பிலீஸ் இன்னொரு ரன், 22–19. எட்டாவதுல சிகாகோ மூணு எடுத்து 22–22. பன்னிரண்டு ரன் பின்தங்கின டீம் வந்து தொட்டுடுச்சு. ஒன்பதாவதுல, இவ்வளவு கூத்துக்கப்புறம், ரெண்டு பேரும் ஒண்ணும் எடுக்கலை. கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலை போட்டுக்கிட்டு உக்கார்ற நேரம் மாதிரி இருந்துது.

பத்தாவது இன்னிங்ஸ். இப்போ சிகாகோவுக்கு வீசறவர் புரூஸ் சட்டர், அந்த வருஷம் நேஷனல் லீக்கோட சிறந்த பவுலருக்கான சை யங் விருதை வாங்கினவர். ரெண்டு அவுட் ஆச்சு. மைக் ஷ்மிட் வந்து, காத்துக்குள்ள ஒண்ணைத் தூக்கி விட்டார். 23. நான் பென்சிலை எடுத்துக்கிட்டுக் கட்டத்தைத் தேடறேன். இல்லை. முதல் இன்னிங்ஸ் ரெண்டு பத்தியைத் தின்னுது, மூணாவது இன்னிங்ஸ் ரெண்டு பத்தியைத் தின்னுது. பத்தாவது இன்னிங்ஸ் பன்னிரண்டாவது பத்திக்கு வருது, புக்குல இருக்கறது பதினொண்ணு. நாலு மணி நேரம் மூணு நிமிஷம் ஓடின மேட்ச்சை ஜெயிச்சுக் கொடுத்த அடியை, ஸ்பைரல் கம்பி ஓட்டைக்கு நடுவுல இருக்கற வெள்ளையில, நானே ஒரு டைமண்ட் வரைஞ்சு, நானே தீட்டினேன். ஒரு பக்கம் ஓட்டைல போய் முட்டிக்கிட்டு நிக்குது. மத்த எல்லா ரன்னும் சௌகரியமா வீட்டுக்குள்ள, ஜெயிச்ச ரன் மட்டும் திண்ணையில.

கீழ்ப்பாதியில ராலி ஈஸ்ட்விக் மூணு பேரையும் வரிசையா அனுப்பிட்டார். ஒன்பதாவதுலயும் அப்படித்தான். காத்து அவருக்கு மட்டும் வீசலை போல. இந்த மேட்ச்சுல என் ஓட்டு அவருக்குத்தான். பையன்கிட்ட சொன்னேன், சிரிக்கறான். "ஷ்மிட்டை விட்டுட்டு ஈஸ்ட்விக்கா அத்தை?" ஆறு பேர் வந்தாங்க, ஆறு பேரும் அவுட், அன்னைக்கு அந்த மைதானத்துல. ஸ்கோரர் கண்ணுக்கு அதுதான் அதிசயமாப் படும்.

இதோட விட்டிருந்தா மூணு நட்சத்திரம். ஆனா கணக்கு டேலி ஆகணுமே. பேட்டிங் கூட்டலும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்து பவுலிங் கூட்டலோட பொருந்தலைன்னா அப்பா கிரவுண்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். பேஸ்பால்லயும் அப்படி ஒரு சரிபார்ப்பு உண்டு. ஒரு டீமுக்கு பேட் பண்ண வந்தவங்க எல்லாரோட கணக்கையும் கூட்டினா, எடுத்த ரன், பேஸ்லயே நின்னு போனவங்க, எதிர் டீம் எடுத்த அவுட்டு, இந்த மூணோட கூட்டலும் அதே எண்ணா வரணும். ஒவ்வொருத்தனும் ஒண்ணு வீடு சேர்ந்திருப்பான், இல்லை அவுட் ஆகியிருப்பான், இல்லை வழியில நின்னிருப்பான். நாலாவது வழி கிடையாது. படிச்சவுடனே இதை யோசிச்சவரைக் கும்பிடத் தோணிச்சு.

பிலீஸ் பக்கம் சரியா வந்துது. ஹிட்டு, அதாவது அடிச்சுப் பத்திரமா பேஸ் சேர்ந்தது, 24, அதுல லாரி போவா மட்டும் அஞ்சு. சிகாகோ பக்கம் ஒண்ணு குறையுது. ஹிட்டு 26 இருக்கணும், எனக்கு 25. மணி ராத்திரி ஒண்ணரை. பதிவை மறுபடி ஓட்டி, இன்னிங்ஸ் இன்னிங்ஸா விரல் வச்சுத் தேடினேன். ரெண்டு மணிக்கு மேல அஞ்சாவது இன்னிங்ஸ்ல கிடைச்சுது. பின்னாடி இருக்கற ஓட்டக்காரனுக்குக் கோடு மாத்தும்போது ரப்பர் பக்கத்துக் கட்டத்தையும் தின்னிருக்கு. ஒரு சிங்கிளுக்கான சின்னக் கோடு மேல்தோலோட சேர்ந்து போயிடுச்சு. விளக்குக்கு நேரா பக்கத்தைச் சாய்ச்சா பென்சில் பள்ளம் மட்டும் தெரியுது. தப்பு என் கையோடதான், ஆனா நல்ல காகிதமா இருந்தா அழிச்ச இடம் மட்டும்தான் அழிஞ்சிருக்கும். இதுக்காக ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிட்டேன். ரெண்டு.

காலையில டேபிள் மேல திறந்து கிடந்த பக்கத்தை அம்மா பார்த்துட்டு, "என்னடி, மார்கழிக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கே, இப்பவே கோலம் வரைஞ்சு வச்சிருக்க?"ன்னாங்க. டைமண்ட் டைமண்டா, பாதி தீட்டினது, முழுசும் தீட்டினதுன்னு, தூரத்துலேர்ந்து பார்த்தா அப்படித்தான் இருந்துது. "இந்த ஓரத்துல ஒண்ணு இழுத்திருக்கியே, அது புள்ளிக்கு வெளிய போயிருக்கு"ன்னாங்க. ஷ்மிட்டோட ஹோமர்.

யாருக்கு இந்தப் புக்கு சரிப்படும்? பசங்களுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கற பி.டி. டீச்சருங்களுக்கு, ஏழு இன்னிங்ஸ் மேட்ச் எழுதறவங்களுக்கு, இப்போ நடக்கற பேஸ்பாலை டிவியில பார்த்து எழுதறவங்களுக்குத் தாராளமாப் போதும். பழைய மேட்ச் எழுதணும்னா வேண்டாம். வாங்கறதுக்கு முன்னாடி உள்பக்கப் படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. பத்தி எத்தனைன்னு எண்ணுங்க, பன்னிரண்டுக்குக் குறைஞ்சா விட்டுடுங்க. பேர் எழுத மூணு கோடாவது இருக்கணும். திருப்பி அனுப்ப நினைக்கறவங்க முதல் பக்கத்துல பேர் எழுதிடாதீங்க. நான் எழுதிட்டேன், அதனால வாங்க மாட்டேன்னுட்டாங்க.

நான் என்ன பண்ணினேன்னா, பக்கத்தை நானே புதுசா வரைஞ்சேன். பதினாறு பத்தி, இடத்துக்கு நாலு கோடு, பவுலருக்கு எட்டு வரி, மேல் மூலையில காத்துக்கு ஒரு வட்டம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகைக் கடைங்களுக்கு நடுவுல, மாடிப்படிக்குக் கீழ ஒரு பைண்டர். காகிதத்தை விரலால தேய்ச்சுப் பார்த்து நூறு ஜி.எஸ்.எம். எடுத்தேன். ரப்பர் கையோட கொண்டு போயிருந்தேன், அங்கயே நாலு தடவை அழிச்சுப் பார்த்தேன். அவர் ஒண்ணும் சொல்லாம பார்த்துக்கிட்டிருந்தார்.

"ஸ்பைரல் போடட்டுமாம்மா?"

"வேண்டாம்பா, தையல் போடுங்க. ஓரத்துல ஓட்டை இருக்கக் கூடாது."

"ஒண்ணு ரெண்டுன்னா கட்டுப்படி ஆகாதும்மா. பத்தாப் போட்டுக்குங்க, ஒண்ணு இருநூத்தி எண்பதுல முடிச்சுத் தரேன்."

பத்தாப் போட்டேன். நாலு நாள்ல கிடைச்சுது, அட்டை மட்டும் நான் கேட்ட பச்சையில இல்லாம மெரூன்ல வந்திருக்கு. ஒண்ணைப் பையனுக்கு அனுப்பினேன். அதைப் பார்த்துட்டு அவன் அடுத்ததைக் கிளப்பறான். இதே ரெண்டு டீம், இதே மைதானம், 1922 ஆகஸ்ட் 25. கப்ஸ் 26, பிலீஸ் 23. அந்த 49தான் இன்னைக்கு வரைக்கும் உடையாத பதிவு. ஒரு கட்டத்துல கப்ஸ் 25–6ன்னு முன்னாடி இருந்தாங்களாம், நாலாவது இன்னிங்ஸ்ல மட்டும் பதினாலு ரன்னு. பதினாலும் மூணும், குறைஞ்சது பதினேழு பேர், ஒன்பது வரிசைக்கு ரெண்டு மூணு பத்தி, என் புக்கு தாங்கும். ஆனா அதுக்குப் படம் கிடையாதே, பாக்ஸ் ஸ்கோரைப் பார்த்துக் காப்பியடிக்கறது ஸ்கோரிங் இல்லைடான்னு சொல்லிட்டேன்.

ஒண்ணுல 1979ஐ முதல்லேர்ந்து மறுபடி எழுதிக்கிட்டிருக்கேன், இப்போ நாலாவது இன்னிங்ஸ். மிச்சம் எட்டு புக்கு அலமாரியில, அப்பாவோட 1986 நோட்டுக்குக் கீழ இருக்கு. திருவல்லிக்கேணி பக்கம் யாருக்காவது வேணும்னா அடக்க விலைக்கே தரேன். பென்சில் உங்களோடது.